எவர்சில்வர் தொட்டியின் உட்புறம்

வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகரை ஒட்டிய டன்மரியில் 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் ஒரு கார் தயாரானது. பெயர் டெலோரியன் டிஎம்சி-12. 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் காலம் தாண்டி ஓடும் கார் இதுதான். மொத்தமே ஏறக்குறைய 9,000 கார்கள்தான் வெளிவந்தன. அதற்குப் பெயிண்ட் கிடையாது. வெளித்தகடு முழுக்க 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அந்த உலோகம். தகட்டை ஒரே திசையில் தேய்த்து, மங்கிய பளபளப்போடு அப்படியே விட்டிருந்தார்கள்.

அவ்வளவு எவர்சில்வரைச் சுமந்த காரில், எஞ்சினுக்குப் பக்கத்தில் கொதிநிலைக்கு அருகில் இருக்கும் கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, தாங்கிய தொட்டி மட்டும் பிளாஸ்டிக். நாற்பது ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், இளக்கம் போகும், ஒருநாள் விரிசல் விடும். அதனால் இன்று டெலோரியனை மீட்டெடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றங்களில் ஒன்று, அந்தத் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எவர்சில்வரில் ஒன்று செய்து மாட்டுவது.

டெலோரியன் மட்டுமல்ல. பழைய காரை வாங்கி, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ பிரித்துச் சேர்க்கும் 'பிராஜெக்ட் கார்' பழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கொட்டகை தோறும் நடக்கிறது. அங்கே எஞ்சின் மாறும், ரேடியேட்டர் இடம் மாறும். கம்பெனி கொடுத்த தொட்டி எங்கும் உட்காராது. இருக்கிற இடைவெளிக்கு ஏற்பத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துத் தாங்களே தொட்டி செய்துகொள்கிறார்கள். முடிந்த தொட்டியின் வெளிப்பக்கத்தை வெள்ளிபோல மெருகேற்றிப் படம் எடுப்பார்கள். எனக்கு அந்த வெளிப்பக்கத்தைவிட உட்புறத்தின் மீதுதான் ஆசை. தொட்டி எத்தனை வருடம் நிற்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

முதலில், அந்தத் தொட்டிக்கு என்ன வேலை? 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். பத்து லிட்டர் கூலன்ட் ஓடும் எஞ்சினில் அது 400 மில்லி. கிளைக்கால் கலந்த கூலன்ட் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விரியும். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன, நீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அந்த உபரி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். தொட்டியின் மேல்பாதியில் விட்டுவைக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் போல அமுங்கி அதற்கு இடம் கொடுக்கிறது.

மூடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும்வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். நம் பிரஷர் குக்கர் வேலை செய்வதும் இதே அழுத்தத்தில், இதே வெப்பத்தில்தான். பருப்பை வேகமாக வேகவைக்க அங்கே பயன்படும் இயற்பியல், இங்கே எஞ்சினைக் கொதிக்கவிடாமல் காக்கிறது.

குக்கரில் இல்லாத ஒரு தொல்லை காரில் உண்டு. அது காற்று. டெலோரியனில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டர் முன்னால். கூலன்ட் காரின் முழு நீளத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். இவ்வளவு நீளமான வளையத்தில் எங்காவது ஒரு மேட்டில் காற்று தங்கிவிடும். தங்கிய இடம் எஞ்சினின் தலைப்பகுதி என்றால் ஆபத்து. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியது நீர். அங்கே காற்றோ ஆவியோ இருந்தால் வெப்பம் வெளியேறாது, அந்த ஒரு புள்ளி மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும், கேஸ்கெட் போகும். அளவுகாட்டும் முள் அப்போதும் சாதுவாக நடுவில் நிற்கலாம், ஏனென்றால் சென்சார் இருப்பது வேறிடத்தில். இந்தக் காரணத்தால் டெலோரியன்காரர்கள் தொட்டியை மாற்றும்போதே, தெர்மோஸ்டாட் உறையின் உச்சியிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாயையும் இழுத்துவிடுகிறார்கள். காற்று தானாகவே தொட்டிக்கு வந்து சேரும்.

1997-இல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 எஞ்சினிலும் இதே போன்ற ஏற்பாட்டைக் காணலாம். அதன் சிலிண்டர் தலைகளில் ஆவி வெளியேறத் தனித் துளைகளே இருக்கின்றன. அந்த எஞ்சின் குடும்பத்தைத்தான் இன்று பழைய கார்களில் அதிகமாக மாற்றி வைக்கிறார்கள். தேவையில்லை என்று நினைத்து அந்தத் துளைகளை அடைத்துவிடுபவர்களும் உண்டு. அது பெரிய தவறு.

வந்து சேரும் காற்றைப் பிரிக்கத் தொட்டிக்குள்ளேயே ஒரு வழி செய்யலாம். உருளை வடிவத் தொட்டியில் நுழைவுக் குழாயை நடுவைப் பார்த்து வைக்காமல், சுவரை உரசிக்கொண்டு நுழையும்படி வைத்தால் கூலன்ட் சுழன்றபடி இறங்கும். சுழலும்போது கனமானது ஓரத்துக்கும் இலேசானது நடுவுக்கும் போகும். பால் பண்ணையில் பாலாடையைப் பிரிக்கும் இயந்திரம் இப்படித்தான் இயங்குகிறது. இங்கே பாலாடையின் இடத்தில் காற்றுக் குமிழிகள். அவை நடுவில் கூடி மேலே ஏறிவிடும். காற்று நீங்கிய கூலன்ட் அடியில் உள்ள பெரிய குழாய் வழியாகப் பம்பின் உறிஞ்சு பக்கத்துக்குப் போகும். தொட்டி இந்த வளையத்தின் மிக உயரமான இடத்தில் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்து வடிவம். குக்கரை யாரும் சதுரமாகச் செய்வதில்லை. கார்த் தொட்டியை மட்டும் பெட்டியாகச் செய்ய எல்லோருக்கும் ஆசை. எஞ்சின் அறையில் மிஞ்சும் இடம் பெட்டி வடிவில் இருப்பதும், தட்டையான தகட்டை வெட்டுவது எளிது என்பதும்தான் காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1.5 மி.மீ. தகட்டில், 100 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பார் அழுத்தம். சுவரில் உண்டாகும் இழுவிசைத் தகைவு 3.3 மெகாபாஸ்கல்தான். 304 எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவதற்குத் தரநூல்கள் சொல்லும் குறைந்த அளவு 205. அறுபது மடங்கு இடைவெளி இருக்கிறது. அதே தகட்டில் பெட்டி செய்கிறோம், அதன் ஒரு முகம் 10 செ.மீ.க்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு முகத்தை மட்டும் உள்ளிருந்து 200 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை தள்ளும். விளிம்புகள் இறுக்கமாகப் பிடிக்கப்பட்ட தட்டைத் தகட்டுக்கான சூத்திரத்தில் போட்டால், மிக அதிகமான தகைவு ஏறக்குறைய 220 மெகாபாஸ்கல் என்று வரும். 205-ஐத் தாண்டிவிட்டது. முகத்தின் நடுப்பகுதி 0.4 மி.மீ. அளவுக்கு வெளியே புடைக்கும்.

அந்த 220 விழும் இடம் எது தெரியுமா? நீண்ட விளிம்பின் நடுப்புள்ளி. பெட்டி செய்பவர் வெல்டிங் வைத்திருப்பதும் சரியாக அங்கேதான்.

எஞ்சின் சூடாகும்போதெல்லாம் பெட்டி வயிறு உப்பும், ஆறும்போது உள்ளே போகும். தினமும் காலையும் மாலையும் ஓட்டினால் பத்து வருடத்தில் 7,300 முறை. முதல் நாளில் ஒன்றும் ஆகாது. உலோகச் சோர்வு என்பது கணக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கும். பெட்டிதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நீண்ட விளிம்புகளில் வெல்டிங் வைக்காமல், ஒரே தகட்டை அங்கே மடித்துக்கொள்ள வேண்டும். மூட்டு, தகைவு குறைந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். உள்ளே நடுவில் ஒரு தடுப்புத் தகட்டை வைத்து இரு சுவர்களையும் பிணைத்தால் முகம் இரண்டு சதுரங்களாகப் பிரியும், தகைவு 140-க்குக் கீழே இறங்கும். அந்தத் தடுப்பில் துளைகள் போட்டுவிட்டால் கூலன்ட் அலையடிப்பதையும் அது அடக்கும்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது அதன் பிறவிக் குணம் போலப் பேசப்படுகிறது. உண்மையில் அதில் பெரும்பகுதி இரும்புதான், நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல். இரும்பு துருப்பிடிக்கும். இதைக் காப்பது குரோமியம். எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்றை விரிக்கிறது. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். இந்தப் படலமோ இறுக ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கை மூடிவிடும். கனம் ஒன்று முதல் மூன்று நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இப்படிப்பட்ட படலங்களைப் பல்லாயிரக்கணக்கில் அடுக்கலாம். கீறினாலும் ஆக்ஸிஜன் கிடைத்தால் மறுபடி வளர்ந்துவிடும். உயிருள்ள தோல் போல.

இதைக் கண்டுபிடித்த பெருமையை ஒருவருக்கே கொடுப்பது நியாயமாக இருக்காது. குரோமியம் இப்படி அரிப்பைத் தடுக்கிறது என்பதை ஜெர்மனியில் பிலிப் மொன்னார்ட்ஸ் 1911-இல் விளக்கி எழுதினார். 1912-இல் க்ரூப் நிறுவனத்தின் எட்வர்ட் மவுரரும் பென்னோ ஸ்ட்ராஸும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். கத்தி செய்யும் ஊர் அல்லவா, அது கத்தியாக மாறிப் புகழ்பெற்றது. கலவையைப் பார்த்தால், நம் டம்ளரும் டெலோரியனின் கதவும் க்ரூப் வழிவந்தவை. 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல்.

தகடு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்லது என்று. இந்தச் சோதனை பாதிதான் சரி. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. நம் நாட்டில் பாத்திரங்களில் அது நிறையப் புழங்குகிறது. அதன் அரிப்புத் தாங்கும் திறன் 304-க்கு ஈடாகாது. மறுபக்கம், நல்ல 304 தகட்டையே வளைத்த மூலையில் காந்தம் இலேசாகப் பிடிக்கும், ஏனென்றால் வளைக்கும்போது அதன் படிக அமைப்பில் ஒரு பகுதி மாறிவிடுகிறது. தொட்டிக்குத் தகடு வாங்குபவர் ஆலைச் சான்றிதழையோ ஸ்பெக்ட்ரோ சோதனையையோ நம்ப வேண்டும், காந்தத்தை அல்ல. சேலம் உருக்காலை இருக்கும் மாநிலத்தில் நல்ல தகட்டுக்குப் பஞ்சமில்லை.

வெட்டியாயிற்று, வளைத்தாயிற்று. அடுத்தது வெல்டிங். இங்கே டிக் முறைதான் பொருத்தம். டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எரியும், சுற்றிலும் ஆர்கான் வாயு குடைபோல நின்று காற்றைத் தள்ளிவைக்கும். 1941-இல் அமெரிக்காவின் நார்த்ரப் விமான நிறுவனத்தில், மெக்னீசியத்தை ஒட்டவைப்பதற்காக ரஸ்ஸல் மெரடித் உருவாக்கிய முறை இது. அவர் பயன்படுத்தியது ஹீலியம். 304 தகட்டில் இது மெல்லிய கைவேலை. சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் வெப்பத்தை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் கடத்தும், விரிவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடு ஓடிப்போகாமல் ஒரே இடத்தில் தேங்குகிறது, தேங்கிய இடம் அதிகமாக விரிந்து, ஆறும்போது அதிகமாகச் சுருங்குகிறது. தகடு அப்பளம் போல நெளியும். அதனால்தான் நல்ல வெல்டர் முதலில் நெருக்கமாக டேக் என்னும் சிறு ஒட்டுப் புள்ளிகளை வைத்துக்கொள்வார், பின்னால் செம்புக் கட்டையை அணைத்துச் சூட்டை உறிஞ்சவைப்பார், ஒரு பக்கம் கொஞ்சம் மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போவார்.

வெளியே அழகான வரி விழுந்துவிடும். உள்ளே? டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வெளிப்பக்கத்தைத்தான் காக்கிறது. தகடு முழுக் கனத்துக்கும் உருகும்போது அதன் பின்பக்கம் தொட்டிக்குள் இருக்கும் சாதாரணக் காற்றைப் பார்த்து நிற்கிறது. அந்தக் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். குரோமியம் வெறியோடு அதைப் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் விட்டு மறந்த வெல்லப்பாகு போலக் கறுத்துப் பொரிந்து, துளைத்துளையாக ஒரு மேடு உருவாகும். அந்தப் பொருக்கு தனக்கு வேண்டிய குரோமியத்தைப் பக்கத்து உலோகத்திலிருந்து உறிஞ்சி எடுத்திருக்கும். ஆகவே அதன் அடியில் இருப்பது குரோமியம் வற்றிய எஃகு. பெயருக்குத்தான் எவர்சில்வர். துளைகளுக்குள் கூலன்ட் தேங்கும், அரிப்பு அங்கே தொடங்கும், விரிசலும் அங்கேதான் கால் ஊன்றும். மேலே மெருகு மின்னிக்கொண்டே இருக்கும்.

மாற்று எளிது, செலவு மட்டும் கொஞ்சம். தொட்டியின் எல்லா வாய்களையும் அடைத்து, உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். ஆர்கான் காற்றைவிட 1.4 மடங்கு கனமானது. அதனால் அடியிலிருந்து மெதுவாக விட்டு, மேலே ஒரு சிறு துளையைத் திறந்துவைத்தால், கிணறு ஊறுவது போல அது ஏறிக் காற்றை வெளியே தள்ளும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் இரண்டும் கலந்துவிடும். மூட்டு முடியும்வரை மெல்லிய ஓட்டம் நிற்கக் கூடாது. எவ்வளவு சரியாகச் செய்தோம் என்பதை நிறமே சொல்லிவிடும். உட்புற வரி வெள்ளியாகவோ வெளிர் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. நீலம் என்றால் ஆக்ஸிஜன் நுழைந்திருக்கிறது. சாம்பல், கறுப்பு என்றால் திரும்பச் செய்ய வேண்டும். அந்த நீலம் சாயம் அல்ல. ஆக்சைடு தடிக்கத் தடிக்க, அதன் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி உண்டாகும் வண்ணம். எண்ணெய் சிந்திய மழைநீரில் தெரியும் வானவில்லுக்கும் அதுவே காரணம்.

பாடநூல்கள் இன்னோர் ஆபத்தையும் சொல்லும். 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் அதிக நேரம் இருந்தால், எஃகிலுள்ள கரிமம் குரோமியத்தை இழுத்துக்கொண்டு படிகங்களின் ஓரங்களில் படிந்துவிடும் என்று. அது உண்மை. ஆனால் 1.5 மி.மீ. தகடு அந்த வெப்பநிலைகளைச் சில நொடிகளில் கடந்து ஆறிவிடுகிறது. கரிமம் 0.03 சதவீதத்துக்கு மிகாத 304 எல் வகையை வாங்கினால் அந்தக் கவலையும் தீரும். இந்த வேலையில் நான் பயப்படுவது உட்புறத்துக் காற்றுக்குத்தான்.

முடித்த தொட்டியைக் கழுவுவதும் வேலையில் சேர்த்திதான். சாதாரண இரும்பைத் தேய்த்த கல்லையும் பிரஷையும் எவர்சில்வரின் மேல் போட்டால், இரும்புத் துகள்கள் அதில் பதிந்து சில நாளில் செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். தனிக் கருவிகள் வேண்டும். நிறம் மாறிய இடங்களை நீக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த பசை விற்கிறார்கள். இரண்டாவது அமிலம் தோல் வழியே இறங்கி உடலின் கால்சியத்தைத் தாக்கும், முதலில் வலிகூடத் தெரியாமல் போகலாம். தொழில்முறைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பேன். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தைச் சூடான கரைசலாக ஊற்றிவைத்தால், ஒட்டிய இரும்பைக் கரைத்துப் படலம் மறுபடி வளர வழிவிடும்.

இத்தனை செய்த பிறகு தொட்டியைக் கெடுக்க ஒரு குடம் போர்த் தண்ணீர் போதும். சென்னையின் கடலோரப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்பது தெரிந்ததுதான். அந்த உப்பிலுள்ள குளோரைடு அயனி, குரோமியம் படலத்தை ஒரு புள்ளியில் உடைத்து ஊசிக்குழி போடும். ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் போய்விட்டால் 304-க்கு இன்னும் மோசம். இழுவிசையில் இருக்கும் உலோகத்தில் கிளைகிளையாக விரிசல் ஓடும். கார்த் தொட்டியில் வெப்பம் 90 டிகிரி, வெல்டிங் ஓரத்தில் இழுவிசை எப்போதும் இருக்கிறது. குளோரைடை மட்டும் நாம் கொடுக்காமல் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், அவசரத்துக்குக் குழாய் நீர் ஊற்றினால் சீக்கிரமே வடித்து மாற்ற வேண்டும்.

எல்லாக் காருக்கும் எவர்சில்வர்தான் சரியா? இல்லை. இரண்டு லிட்டர் உருளை 1.5 மி.மீ. எவர்சில்வரில் 1.15 கிலோ வரும். 2 மி.மீ. அலுமினியத்தில் அரைக் கிலோதான். பந்தயக் காரில் நான் அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பேன். வருடக்கணக்கில் வீட்டில் வைத்து ஓட்டப்போகும் காருக்கு எவர்சில்வர். பிரேக் ஆயிலுக்குப் பிளாஸ்டிக் கிண்ணமே நல்லது, மூடியைத் திறக்காமல் அளவு தெரியும். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அடிக்கடி திறக்கவும் கூடாது. பெட்ரோல் டேங்க் வேறு விவகாரம். புதிதாகச் செய்வது ஒன்று, பழைய டேங்கில் வெல்டிங் வைப்பது மற்றொன்று. காலியான பெட்ரோல் டேங்கில் மிஞ்சிய ஆவி வெடிக்கும். கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் உயிர் விட்டவர்கள் உண்டு.

கூலன்ட் தொட்டியைச் சோதிக்கும்போதும் அழுத்தக் காற்றைப் போட்டு ஊதக் கூடாது. அமுங்கிய காற்று விசையைச் சேர்த்து வைத்திருக்கும், மூட்டு பிய்ந்தால் மூடி குண்டுபோல் பறக்கும். உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பால் ஒன்றரை பார் வரை ஏற்றி நிறுத்தினால், எங்காவது பிளந்தாலும் ஒரு சொட்டு கசிவதோடு அழுத்தம் இறங்கிவிடும். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால், குழாய் வாய் வழியாக ஒரு சின்ன விளக்கை இறக்கி உள்ளே பார்க்கலாம்.

பிறகு தொட்டியைக் காரில் ஏற்றி, கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஓடவிட வேண்டும். முதலில் பெரிய குமிழிகள் வரும், அளவு திடீரென்று இறங்கும், இன்னும் ஊற்ற வேண்டும். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே விலகி நின்று மூடியைப் போட்டுவிட்டு, சிறிது தூரம் ஓட்டித் திரும்பி, முழுக்க ஆறிய பிறகு திறந்து பார்த்தால் இன்னும் ஒரு டம்ளர் பிடிக்கும். மறுநாள் காலை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் கூலன்ட்டின் மட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்.